எழுதாத வழக்கமும் எங்கள் கும்மியும்

சரித்திரம் சொல்லிக்கொடுப்பவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது ஒருநாளும் இருந்ததில்லை. கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான். சாந்தோமில் எங்கள் வீட்டிலிருந்து மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ச் சேருவதற்குள் வழியில் யாரிடமாவது இரண்டு வார்த்தை உரக்கப் பேசியிருப்பேன். குளத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நடந்த பெண்கள் பள்ளிக்கூடம் அது. முப்பதுகளின் தொடக்கம். மாதா கோயில் தெருவிலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண் என்று என்னை அங்கே யாரும் வேற்றாளாக நடத்தவில்லை; தண்ணீர்ப் பானை மட்டும் எனக்குத் தனி. அதைப் பற்றியும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் இது அந்தக் கதை இல்லை.

ஊரெல்லாம் மாதர் சங்கம், மாதர் மாநாடு என்று பேச்சாக இருந்த காலம். நம் பள்ளிக்கூடம் மட்டும் பின்தங்கலாமா என்று எங்கள் கமிட்டிக்குத் தோன்றிவிட்டது. கமிட்டியில் எல்லோரும் ஆண்கள். தலைவர் ஹைகோர்ட் வக்கீல். தலைப்பாகையும் கோட்டுமாக வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசுவார். அந்த வருஷத்து ஆண்டு விழாவுக்கு ‘மாதர் பெருமை’ என்று அவரே தலைப்புக் கொடுத்தார். பழங்காலத்து அரசிகள், புலவர்கள், பத்தினிகள், வீரர்களைப் பெற்ற தாய்மார்கள், இவர்களைப் பற்றி ஒரு கும்மி கட்டிப் பெண்களை ஆடவைக்க வேண்டும். முடிவில் பார்க்க வந்த தாய்மார்களும் வட்டத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும். பாட்டுக் கட்டுகிற வேலை சரித்திர டீச்சர் என்பதால் என் தலையில் விழுந்தது. ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற வேலை கணக்கு டீச்சருக்கு.

கணக்கு டீச்சர் என்னைவிட இளையவள். தியாகராய நகரில், ஏரியைத் தூர்த்து மனை போட்ட பக்கத்தில் குடியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் படிப்பை முடித்து ஆசிரியப் பயிற்சியும் எடுத்தாள்; அதற்காக மாமியார் வீட்டார் வெகுநாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்னக் கணக்கை அவள் வெள்ளரிக்காயை நறுக்கிச் சொல்லிக்கொடுப்பாள். பாடம் முடிந்ததும் கால், அரை, முக்கால் எல்லாவற்றையும் பிள்ளைகள் உப்புத் தொட்டுத் தின்றுவிடுவார்கள். கணக்குப் பாடத்துக்கு மணி அடித்தால் பெண்கள் ஓடி வருகிற பள்ளிக்கூடம் அந்த நாளில் மதராஸில் வேறு இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

ஒத்திகை தொடங்கிய பிறகு ஒருநாள் அவள் தலைமையாசிரியையின் அறையிலிருந்து வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“விழா முடிஞ்சதும் நின்னுக்கணுமாம், டீச்சர்.”

“ஏன்? என்ன செய்தாய்?”

அவள் புடவை மடிப்பின் மேல் கையை வைத்துக் காட்டினாள். எனக்குப் புரிந்தது. அவள் கர்ப்பமாக இருந்தாள். வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்படித் தெரிந்தால் டீச்சர் வேலையை விட்டுவிட வேண்டும், பிறகு திரும்பி வரவும் முடியாது. அதுதான் எங்கள் பள்ளிக்கூட வழக்கம். நான் பார்க்கவே இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். ஒருத்தியாவது திரும்பி வந்து பெஞ்சைத் தொட்டுப் பார்த்ததில்லை.

“கொழந்தை பொறந்தப்புறம் வந்துடறேன்னுதான் கேட்டேன். இந்த வேலைக்காக எத்தனை பேரோட சண்டை போட்டிருக்கேன்! எல்லாம் வீணா டீச்சர்?” என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள்.

நான் நேரே தலைமையாசிரியையிடம் போனேன். அவரைப் ‘பெரிய டீச்சர்’ என்று கூப்பிடுவோம். சிறு வயதிலேயே கணவனை இழந்து, ஊர் வாயையெல்லாம் தாங்கிக்கொண்டு படித்து மேலே வந்தவர். தங்கமான மனுஷி, ஆனால் கமிட்டி முன்னால் அவர் குரல் எழும்பாது. “எனக்கு மட்டும் சம்மதமா? வழக்கம்னு ஒண்ணு இருக்கே” என்றார். அவரை நான் எப்படிக் கோபித்துக்கொள்வது? ஒத்திகையைக்கூட அவர் தூணோரம் நின்று, கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டுதான் பார்ப்பார். கைம்பெண் கும்மி வட்டத்துக்குள் வரக் கூடாது, கை தட்டவும் கூடாது. அதுவும் வழக்கம்தான்.

வீரத் தாய்மார்களைப் பாட வேண்டும், ஆனால் அந்தப் பாட்டுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவள் தாயாகக் கூடாது! அன்று மாலை என் கோபத்தைப் பார்த்து, பிள்ளைகளை வண்டியில் கூட்டி வந்து கூட்டிப் போகும் ஆயாவே பயந்துவிட்டாள். அவள் முன்பு தயிர்க்கூடை சுமந்தவள்.

“இன்னா டீச்சரம்மா, மூஞ்சி இப்டி கீது?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். “புள்ள பெத்துக்கினா இன்னா? நான் பெத்துக்கினு ஒடனே கூடைய தூக்கிக்கினு போவல? கணக்கு டீச்சர் இல்லாங்காட்டி இந்தப் பசங்களே வண்டி ஏறாதுங்க” என்றாள்.

பூனைக்கு யாராவது மணி கட்டத்தானே வேண்டும்? கணக்கு டீச்சரை அழைத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்காரவைத்து, காபி வரவழைத்து, மரியாதையாகத்தான் பேசினார்.

“நான் ஒண்ணும் சொல்லலைம்மா. ஊர் சொல்றது. வயத்தைத் தள்ளிண்டு பாடம் சொல்லித் தராளேன்னு நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

“எந்த ரூல்ல சார் இருக்கு?” என்று கேட்டேன்.

“ரூல் எங்கே இருக்கு? வழக்கம். எழுதி வெச்சாத்தானா?”

அதற்கு மேல் அவர் பேச்சை வானிலைக்கு மாற்றிவிட்டார். நாங்கள் எழுந்தோம். வாசலுக்கு வருமுன் உள்ளேயிருந்து அவர் மனைவி எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். கணக்கு டீச்சருக்குக் குங்குமம் கொடுத்து, எனக்குக் கொடுக்கலாமா என்று ஒரு நொடி தயங்கி, பூவை மட்டும் கையில் வைத்தார்.

“எத்தனாவது மாசம்?”

“அஞ்சு, மாமி.”

மாமி கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான் ஏழு பெத்தேன். ஒவ்வொண்ணுக்கும் வலி எடுக்கற வரைக்கும் அடுப்படிதான். வயத்தைத் தள்ளிண்டு சமைக்கறாளேன்னு எந்த நாலு பேரும் வந்து கேக்கலை.” பிறகு சிரித்தார். “எங்காத்துப் பொண்ணு நாள் பூரா உங்க கும்மியைத்தான் பாடிண்டிருக்கா. எனக்கே மனப்பாடம் ஆயிடுத்து.”

அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெரிய வீட்டு அம்மாளுக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு என்று டிராம் பாதை வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

விழாவன்று முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஆண்களுக்கு நாற்காலி, மறுபக்கம் பெண்களுக்கு ஜமக்காளம். கணக்கு டீச்சரைச் சபைக்கு வர வேண்டாம் என்று கமிட்டி சொல்லியனுப்பியிருந்தது. சாமான் அறையில், பானைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலைவர் தாய்மையின் பெருமையைப் பற்றி வெகுநேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் பற்கள் நறநறவென்றன.

பிறகு கும்மி. பாவாடைகள் சுழல, பெண்கள் கை தட்டி அரசிகளைப் பாடினார்கள், புலவர்களைப் பாடினார்கள், பத்தினிகளையும் வீரத் தாய்மார்களையும் பாடினார்கள். கமிட்டி ஒப்புக்கொண்ட பாட்டு அத்தோடு முடிந்தது. தாய்மார்கள் எழுந்து வட்டத்தில் சேர ஆரம்பித்தார்கள். நானும் உள்ளே போனேன்.

கும்மியில் ஒரு வழக்கம் உண்டு. வட்டத்துக்குள் இருக்கிற யார் வேண்டுமானாலும் புதிதாக அடி எடுக்கலாம். எடுத்தால் மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடத்தான் வேண்டும். பாதியில் நிறுத்துவது அபசகுனம். இதை நம்பித்தான் வந்திருந்தேன். முதலில் ஆயாவைப் பாடினேன்.

“மழையிலும் வண்டிக்கு முன்னே நடந்து
மாட்டைப் பிடித்து வந்தவளாம்!”

எல்லோரும் திருப்பிப் பாடினார்கள். வாசலில் நின்ற ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெட்கப்பட்டாள். அரசிகளுக்கு நடுவில் ஆயாவா என்று தலைவர்கூடச் சிரித்தார். அடுத்தது கணக்கு டீச்சர். பாட்டை முதல் நாளே கட்டி, நடந்து வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது. கோபக்காரிக்கு அழுகை வந்தால் வார்த்தை வராது என்று அன்றுதான் தெரிந்தது. கைகள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன. வட்டம் பாட்டில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது. ஜரிகைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைவர் வீட்டு மாமி பாடினார்.

“பிள்ளையைப் பெற்றுத் திரும்பி வரட்டும்
பெஞ்சும் பலகையும் காத்திருக்கும் – அவள்
சொல்லிக் கொடுத்த கணக்கைநம் பெண்கள்
சொல்லிக்கொண் டேவழி பார்த்திருப்பார்!”

பந்தலில் யாரோ இருமினார்கள். தலைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அதற்குள் பிள்ளைகள் திருப்பிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். யாரைப் பற்றிய பாட்டு என்று அவர்களுக்கா தெரியாது? தொண்டை கிழியப் பாடினார்கள். தாய்மார்கள் பாடினார்கள். எனக்கும் குரல் வந்துவிட்டது. அடுத்த சுற்றில் இன்னும் பல தாய்மார்கள் ஜமக்காளத்தை விட்டு எழுந்து வந்தார்கள். சாமான் அறைக் கதவு திறந்து, கணக்கு டீச்சர் எல்லோரும் பார்க்கும்படி வாசல்படியில் நின்றாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றாள்.

நடந்துகொண்டிருக்கிற கும்மியை நிறுத்தச் சொல்ல எந்த ஆண்பிள்ளைக்கும் துணிவில்லை. அதிலும் பாடுவது சொந்த மனைவி. தலைவர் மெல்ல உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். முடிவில் நன்றி சொல்ல எழுந்தவர், “பாட்டு ரொம்ப நன்னா இருந்தது. பாட்டுக்கு நான் தடை சொல்ல மாட்டேன்” என்றார்.

“பாட்டுக்கு மட்டுந்தானா?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து மாமி கேட்டார்.

கூட்டம் சிரித்தது. தலைவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். “பாட்டுல சொன்னதுக்குந்தான்” என்றார்.

நான் மாமியிடம் போய்க் கைகளைப் பிடித்துக்கொண்டேன். “அன்னிலேர்ந்தே யோசிச்சுண்டிருந்தேன். வெண்பூசணி நறுக்கறச்சேதான் கடைசி அடி வந்தது” என்றார். நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். என் பாட்டைவிட அவர் பாட்டு நன்றாக இருந்தது என்பதை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கு டீச்சருக்குப் பெண் குழந்தை பிறந்தது. மழைக்காலம் முடிந்து அவள் திரும்பி வந்த அன்று, பிள்ளைகள் ஆளுக்கொரு வெள்ளரிக்காய் கொண்டுவந்திருந்தார்கள். கமிட்டி எந்த ரூலையும் எழுதவில்லை. பழைய வழக்கம் எங்கேயும் எழுதியிருக்கவில்லையே, எதை அடித்துத் திருத்துவது? அதன் பிறகு வருஷா வருஷம் ஆண்டு விழாக் கும்மியில் மாமியின் அடியையும் சேர்த்துப் பாடினோம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வகுப்பில் அரசர்களின் பட்டியலை மறந்த பெண்கள்கூட அதை மறக்கவில்லை.

சில வருஷங்கள் போயின. தையல் சொல்லிக்கொடுக்கப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். ஆண்டு விழா எதையும் அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் அவள் பெரிய டீச்சரின் அறைக்குள் தயங்கித் தயங்கிப் போனாள். நானும் கணக்கு டீச்சரும் ஆயாவும் திறந்த கதவுக்கு வெளியே வராந்தாவில் நின்றிருந்தோம். “எனக்கு நாலு மாசம் ஆறது. வேலையை விட்டு நின்னுக்கணுமா, பெரிய டீச்சர்?” என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. குரலிலேயே அழுகை இருந்தது.

பெரிய டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார். முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் தட்டாத அந்தக் கைகளைத் தட்டி, “பிள்ளையைப் பெற்றுத் திரும்பி வரட்டும்” என்று பாடினார்.

ஒருத்தி அடி எடுத்தால் மற்றவர்கள் திருப்பிப் பாடத்தான் வேண்டும். நாங்கள் மூன்று பேரும் வராந்தாவில் நின்றபடியே பாடினோம். கணக்கு டீச்சரின் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.