காகிதப்பூவுக்குத் தண்ணீர்

பெரியவர் விரலைத் தொட்டி மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறார். சதசதவென்று ஈரம். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுகிறார்.

பால்கனித் தொட்டியிலிருந்து கம்பிமேல் ஏறியிருக்கும் காகிதப்பூக் கொடி அவர் மனைவி வைத்தது. அவள் இருந்தவரை இலை தெரியாமல் பூக்கும். "வெயில்ல காயணும், வாடணும். தாகம் எடுத்தாத்தான் இவளுக்குப் பூக்கவே தோணும்" என்பாள். அவள் போனபின் ஒரு பூ இல்லை. இலை மட்டும் மதமதவென்று வளர்ந்தது. "அண்ணே, கீரை எப்ப அறுப்பு?" என்று கேட்டாள் அடுத்த வீட்டுக்காரி. இப்போது அந்த இலைகளும் பழுத்து உதிர்கின்றன.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்பார். "பேரிங் தேஞ்சிருக்கு, சொல்லி வைங்க" என்று முன்பின் தெரியாதவர்களைக் கலவரப்படுத்துவார். துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அதே வாய்தான்: "நடுவுல மாட்டினவங்கள எல்லாம் இறக்கி விட்டவன் நான். மேல போனவள மட்டும் இறக்க முடியல." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். வந்தவர்கள் தரையைப் பார்ப்பார்கள்.

பொறியாளரான மகள் தொட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். அடியிலிருந்து நாற்றம் வந்தது.

"வேர் அழுகுதுப்பா. ஊத்தி ஊத்தியே கொல்றீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவர் காலிக் குவளையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"கிட்னி போனப்புறம் தண்ணிய அளந்துதான் குடுக்கணும்னாரு டாக்டரு. உங்கம்மா கடைசி வரைக்கும் கேட்டா. ஒரு மடக்கு, இன்னும் ஒரே மடக்குன்னு. நான் மீறல. நல்லதுக்குன்னுதான் நெனச்சேன். அவளுக்கு இல்லன்னு சொன்ன வாயால இதுக்கும் சொல்லணுமா? என்னால முடியாதும்மா."

மகள் குவளையை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "இதுவும் போயிட்டா, அம்மா கைபட்டு உசுரோட இருக்கறதுன்னு இந்த வீட்ல எதுவும் இல்லப்பா."

அவர் கொடியிலிருந்து பழுத்த இலை ஒன்றைக் கிள்ளி எடுத்தார். "சரி. ஊத்தல."

மதியம் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. கொடியின் நுனி துவண்டு தொங்கியது. இரண்டாவது கவளத்திலேயே அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. மகள் டம்ளரை நீட்டினாள். "குடிங்கப்பா."

தோள் குலுங்க விக்கிக்கொண்டே, புறங்கையால் டம்ளரை அவள் பக்கமே தள்ளி வைத்தார்.