அனுமதிச் சீட்டில் இரண்டாவது ஆள்

அருணாசலப் பிரதேசத்துக்குள் வெளிநாட்டுக்காரன் தனியாக நுழையக் கூடாது. குறைந்தது இரண்டு பேராகப் போக வேண்டும். பதிவு பெற்ற பயண முகவர் மூலம் அனுமதி வாங்க வேண்டும். அதில் எழுதிய ஊர்களைத் தவிர வேறெங்கும் தலைகாட்டக் கூடாது. தொண்ணூறுகளில் விதி இன்னும் கடுமை. நாலு பேர் வேண்டும். எனக்கு இது நன்றாகவே தெரியும். அங்கே ஒரு மாவட்ட அலுவலகத்தில் அந்த அனுமதிகளைச் சரிபார்த்தவன் நான்தான். நாலு பெயரை எழுதிக்கொண்டு மூன்று பேராக வந்து பல்லை இளித்தவர்களை எல்லாம் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்போது அந்த வெளிநாட்டுக்காரன் நான். மகள் சொன்னாளே என்று கனடாக் குடியுரிமை எடுத்துக்கொண்டேன். மொன்றியலின் லாசாலில் ஓர் அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் நானும் மனைவியும் இருக்கிறோம். என்னிடம் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது கடல்கடந்த இந்தியக் குடிமகன் என்கிற அட்டை இருக்கிறது. அதை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இரட்டைக் குடியுரிமை கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிகிறார்கள். படித்தவர்கள்தான். அட்டையோடு வருகிற நிபந்தனைகளைப் படிக்கிற அளவுக்குப் படிக்காதவர்கள். அது பெயர் நீண்ட ஒரு விசா, அவ்வளவுதான். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு அது செல்லாது.

ஏப்ரலில், தெருவோரத்துப் பனி கறுத்துப்போய்க் கிடந்த நாட்களில், அருணாசலத்தின் சீரோ பள்ளத்தாக்கிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அனுப்பியவள் என் பழைய நண்பரின் மகள். அவர் அபதானி இனத்தவர், எங்கள் அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர். அந்த மலைகளில் அவரும் நானும் சேர்ந்து நடந்து தேய்த்த செருப்புகள் பல. அரசுப் பணியில் நான் மதித்த மனிதர்களை எண்ணுவதற்கு ஒரு கை அதிகம்; அதில் முதல் விரல் அவருக்கு. சர்க்கரையால் ஒரு கண் போய்விட்டது, மற்றது குளிர்காலத்துக்குள் போய்விடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள் என்றாள் மகள். "அப்பா உங்க முகத்தைப் பாக்கணுமாம். குரல் வேண்டாமாம். அது கண் போன பிறகும் போனில் கேட்கும் என்கிறார்."

ஆகவே நான் போக வேண்டும், அதுவும் இலையுதிர் காலத்துக்குள். கூட ஒரு வெளிநாட்டுக்காரர் வர வேண்டும்.

மனைவியைக் கேட்டேன்.

"அந்த ஊர்ல ஆறு வருஷம் ஈரப் புடவையைக் கட்டிட்டு இருந்தவ நான்," என்றாள். "நீங்க பாட்டுக்கு டூர் போயிடுவீங்க. நான் அடுப்புக்கு மேல துணியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரு ஜென்மத்துக்குப் போதும்."

"அவருக்குக் கண்ணு போகுதும்மா."

"அதுக்குத்தான் உங்களைப் போங்கங்கறேன். எனக்கு முட்டி போயிடுச்சு. மலையில என்னைத் தூக்கிட்டு நடப்பீங்களா?"

அவள் இந்தியக் கடவுச்சீட்டை இன்னும் விடாமல் வைத்திருப்பவள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வந்தாலும் கணக்கில் சேரமாட்டாள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அடுத்து, வேறு வழியில்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழர் மண்டபத்தில் நடந்த படக்காட்சிக்குப் போனேன். ரொக்ஸ்பரோவில் இருக்கிற ஒரு சென்னைப் பையன், கணினி நிறுவனத்து ஊழியன், "யாரும் அறியாத வடகிழக்கு" என்ற தலைப்பில் பேசினான். பத்து நாளில் மூன்று மாநிலங்களைப் பார்த்தவன். யாரும் அறியாத என்றால் அங்கே பிறந்து வளர்ந்து கிடக்கிற லட்சக்கணக்கான ஆட்கள் என்ன கணக்கு என்று தெரியவில்லை. மேகத்தைக் காட்டினான், பாலத்தைக் காட்டினான், மேகத்துக்கும் பாலத்துக்கும் முன்னால் தன்னைக் காட்டினான். பிறகு மூக்கின் இரு பக்கமும் கறுப்புக் கட்டை செருகிய ஓர் அபதானிக் கிழவியின் முகம் திரையில் வந்தது. பக்கத்து இனத்தவர் தூக்கிப் போய்விடாமல் இருக்க அழகைக் கெடுத்துக்கொண்டார்கள் என்று, எல்லா வழிகாட்டிகளும் ஒப்பிக்கிற கதையை ஒப்பித்தான்.

"அந்தம்மா பேர் என்ன?" என்று கேட்டேன்.

"தெரியல சார்."

"படம் எடுக்கலாமான்னு கேட்டீங்களா?"

"ஸ்மைல் பண்ணாங்க சார்."

அந்தம்மா சிரிக்கவில்லை. திரை எட்டடிக்கு இருந்தது, யாருக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த படம் வயல். "அரிசியும் மீனும் ஒண்ணா வளக்கறாங்க, ஃபுல்லா ஆர்கானிக்," என்றான். அந்தப் பள்ளத்தாக்கில் ஏர் கிடையாது, உழவுமாடு கிடையாது. மண்ணைக் கையால் வெட்டி, ஓடையைக் கையால் திருப்பி, ஒவ்வொரு வயலுக்கும் நீர் எந்த வரப்பைத் தாண்டி எப்போது இறங்க வேண்டும் என்று ஊருக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். வயல் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். தண்ணீர் வடிந்தால் மீன் அதற்குள் போய் ஒதுங்கும். வரப்புகூட வீணாவதில்லை, அதன்மேல் கேழ்வரகு. இதையெல்லாம் ஒரு சொல்லில் முடித்துவிட்டு, உள்ளே போக அனுமதி கேட்கிறார்கள், சொந்த நாட்டிலேயே விசாவா என்று அங்கலாய்த்தான். கூட்டம் உச்சுக்கொட்டியது. 1873இல் வெள்ளைக்காரன், அனுமதியில்லாமல் தாண்டக் கூடாது என்று அந்த ‘இன்னர் லைன்’ எல்லைக்கோட்டைப் போட்டது தன் தேயிலைத் தோட்டக்காரர்களும் மரவியாபாரிகளும் மலைக்குள் புகுந்து வம்பை இழுத்து வரக் கூடாது என்பதற்காக. அது இன்றைக்கும் இருப்பதால்தான் நீ படம் பிடிக்க அங்கே வயல் மிச்சம் இருக்கிறது என்று எழுந்து சொன்னேன். மண்டபம் மரியாதையாகக் கேட்டது. முன்வரிசையில் ஒருவர், இது திருவண்ணாமலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரித்தார்.

எல்லாம் முடிந்தபின் வெட்கத்தை விட்டுப் பையனிடம் போனேன். "உங்களுக்கு எந்த பாஸ்போர்ட்?"

"இந்தியன்தான் சார். இப்பத்தான் பி.ஆர். வந்திருக்கு. ஏன் சார்?"

"ஒண்ணுமில்ல. நல்லா பேசினீங்க," என்றேன். அவன் பேச்சைப் பொறுத்தவரை அதில் முதல் சொல் மட்டும் உண்மை.

திரும்பி வரும்போது ஆங்ரிஞோன் மெட்ரோவுக்கு வெளியே பேருந்துக்கு நின்றேன். என் கட்டிடத்தின் முதல் மாடிக்காரர், அவரும் மண்டபத்திலிருந்துதான், பக்கத்தில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். வெகுகாலம் ஒரு தெப்பனூர் நடத்தி, அந்தச் சின்னக் கடையை விற்றுவிட்டு, இப்போது கல்லாவில் நின்று பேச ஆள் இல்லாததால் மின்தூக்கியில் பேசுகிறவர். ஒபாமாவிலிருந்து ஒட்டடைக்குச்சி வரை அபிப்பிராயம் வைத்திருப்பார். அவரைத் தவிர்ப்பதற்காகவே நான் பல முறை படியேறியிருக்கிறேன்.

"அண்ணை, அந்தப் பெடியனை நல்லா வாங்கு வாங்கெண்டு வாங்கிப்போட்டியள்."

"உண்மையைத்தான் சொன்னேன்."

"ஓம் ஓம். அது சரி, அவன்ர பாஸ்போட்டை ஏன் கேட்டனீங்கள்? பொலிஸில குடுக்கவோ?"

சொல்லித் தொலைத்தேன். நண்பர், கண், இரண்டு பேர் விதி. முழுதும் கேட்டுவிட்டு, "உதுக்கே இவ்வளவு யோசிக்கிறியள்? நான் வாறன் அண்ணை," என்றார். "கனடாப் பாஸ்போட் பெட்டிக்குள்ள சும்மா கிடக்குது. மனுசியும் என்னை எங்கயாவது போகச் சொல்லித்தான் நிக்கிறா."

அவரோடு இரண்டு வாரம். ஒரே வண்டி, ஒருவேளை ஒரே அறை. ஆனாலும் மறுநாள் அவரை வரச்சொல்லி, தேநீர் வைத்து, நடைமுறைகளை விளக்கினேன். நான் மகிழ்ச்சியாகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான். கடவுச்சீட்டு, விசா நகல்கள், எல்லையில் சோதனைச் சாவடி, உள்ளே போனதும் காவல்துறையில் பதிவு, தங்கும் ஊர் மாறினால் திரும்பவும் பதிவு, வெளியே வரும்போது மறுபடி முத்திரை. அவர் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"பாஸ் எண்டு சொல்லுங்கோ," என்றார் கடைசியில்.

"பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி."

"அது பாஸ்தான் அண்ணை. அங்க ஆமியும் நிக்குமோ?"

"சீன எல்லை. நிக்காம?"

கோப்பையைத் தள்ளிவைத்தார். "அப்ப நான் வரேல்ல. குறை நினைக்காதையுங்கோ. சண்டை நடக்கேக்க ஊரை விட்டு வெளிக்கிட இயக்கத்திட்ட பாஸ் எடுத்தனான். வவுனியாவில நிக்க ஆமியிட்ட பாஸ். கொழும்பில பொலிஸ் பதிவு. ஊரால வெளிக்கிடேக்க ஒரு ஆளைப் பிணை வைக்க வேணும். தம்பியை வைச்சிட்டு வந்தனான். பேந்து அவனுக்குப் பாஸ் கிடைக்கேல்ல. இனிப் பாஸ் கேக்கிற இடத்துக்கு, வயல் பாக்கவெண்டும் நான் போகமாட்டன்."

நான் அனுமதி கொடுக்கிற மேசையின் ஒரு பக்கத்திலேயே இருந்துவிட்டவன். என் மனைவி உள்ளேயிருந்து வந்து அவர் தேநீரைச் சூடாக்கிக் கொடுத்தாள்.

குவாஹாத்தி முகவருக்குத் தொலைபேசியில் நிலைமையைச் சொன்னேன். அவர் சிரித்தார். இன்னொருவரின் கடவுச்சீட்டு நகலை அனுப்பினால் போதும், ஆள் வரத் தேவையில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். எல்லோரும் செய்வதை என்னிடம் சொல்லாதே, நான் யார் தெரியுமா என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கோடையின் நடுவில் நண்பரின் மகள் மறுபடி பேசினாள். அப்பா இப்போது ஆட்களை வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்தித்தான் பார்க்கிறார் என்றாள். அன்று மின்தூக்கியில் முதல் மாடிக்காரர்.

"போறதுக்கு ஆள் கிடைச்சதோ, அண்ணை?"

"இல்லை."

"ஆள் போகாமல் பேரை மட்டும் அனுப்ப ஏலாதோ?"

உலகத்தில் அத்தனை பேருக்கும் இந்த யோசனைதான் முதலில் வருகிறது. "அது சட்டப்படி தப்புங்க," என்றேன்.

"நான் இஞ்ச வந்ததே வேற ஒருத்தன்ர பேரில. என்ர பேரும் ஒருக்கா நான் இல்லாமல் போய்ப் பாக்கட்டும்." மாலையில் கடவுச்சீட்டின் நகலைக் கதவடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தார். அதை மூன்று நாள் மேசைமேல் வைத்து வெறுத்துவிட்டு, முகவருக்கு அனுப்பினேன்.

செப்டம்பரில் அஸ்ஸாம் எல்லைச் சாவடியில் மீசை அரும்பாத ஒரு காவலர் என் சீட்டைப் பார்த்தார். இரண்டாவது ஆள் எங்கே என்றார்.

"காய்ச்சல். குவாஹாத்தி ஓட்டலில் படுத்திருக்கிறார்."

தலையை நிமிர்த்தாமல் முத்திரையைக் குத்தினார். ஒரு கேள்வி இல்லை. எந்த ஓட்டல், எத்தனை நாளாகக் காய்ச்சல், மருத்துவர் யார், எதுவும் இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் என்னை உள்ளே விட்டிருக்கமாட்டேன். வண்டி நகர்ந்த பிறகும் வெகுநேரம் இந்த நிர்வாகச் சீரழிவைப் பற்றி ஓட்டுநரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் பாவம், எதனால் கோபம் என்று புரியாமல் பாட்டைக் குறைத்தார்.

பாதையை அகலப்படுத்துகிறோம் என்று மலையைச் சீவி வைத்திருந்தார்கள். மழையில் சிவப்பு மண் தாரில் வழிந்தது. இருவாட்சிப் பறவையைப் பலகைகளில் வரைந்திருந்தார்கள். மரத்தில் ஒன்றைக்கூடக் காணவில்லை. மேலே ஏறிப் பள்ளத்தாக்கு திறந்தபோது மட்டும் வாயை மூடிக்கொண்டேன். நெல் பழுக்கத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் பைன் மரங்கள், அவற்றின் அடியில் வேலியிட்ட மூங்கில் தோப்புகள். வரப்பில் கேழ்வரகுக் கதிர். ஒரு பெண் பள்ளத்திலிருந்து மீனை மூங்கில் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே கைபேசி பேசிக்கொண்டிருந்தது. இதைக் கெடுக்கவும் ஆட்கள் வந்து சேருவார்கள். ஆனால் அன்று கெடவில்லை.

நண்பர் வாசலில் நின்றார். கைகுலுக்கவில்லை. தோளைப் பிடித்து வெயிலில் நிறுத்தி, இடது கையால் என் மோவாயைத் தூக்கி, முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். மாடு பார்க்கிறவர்கள் இதைவிட வேகமாகப் பார்ப்பார்கள். நான் அசையாமல் நின்றேன்.

"மூக்கு அதேதான்," என்றார், இந்தியும் அஸ்ஸாமியும் கலந்த எங்கள் பழைய பேச்சில். "மற்றதெல்லாம் கெட்டுப்போச்சு."

"உங்களுக்கு மட்டும் என்னவாம்?"

"எனக்கு என்னைத் தெரியாதே. அதனால் கவலை இல்லை."

அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். அவர் பார்வை என்னை விட்டு அகலவில்லை. சாப்பிடும்போதும் பார்த்தார், மகளிடம் பேசும்போதும் பார்த்தார். கைபேசி அலறியது. மொன்றியலில் அப்போதுதான் விடிந்திருக்கும். திரையில் முதல் மாடிக்காரரின் சமையலறை, நடுவில் அவர்.

"அண்ணை, நான் வந்து சேந்திட்டனோ?"

"நீங்க குவாஹாத்தியில காய்ச்சலாப் படுத்திருக்கீங்க."

"ஐயோ, அரைவழியில விட்டிட்டியளே!"

யார் என்று கேட்டார் நண்பர். சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. நான் ஆட்களைத் திருப்பி அனுப்பிய காலத்தில் பக்கத்தில் நின்று அதை மொழிபெயர்த்தவர் அவர். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கைபேசியை வாங்கி, மிச்சமிருந்த கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்ததுபோலவே அவரையும் பார்த்தார். திரையில் முதல் மாடிக்காரர் கையை ஆட்டி, "வணக்கம் ஐயா, சுகமா இருக்கிறியளோ?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"காய்ச்சலா, இவருக்கா?" என்றார் நண்பர். "கன்னம் மினுமினுவென்று இருக்கிறதே."

"என்னவாம் அண்ணை, என்ன சொல்லுறார்?"

சொன்னேன்.

"அப்ப அவருக்குக் கண் நல்லாத் தெரியுது, அண்ணை. போனைக் கொஞ்சம் அவரிட்டயே விடுங்கோ, பாக்கட்டும்."