துவைத்தால் நிற்கும் லேஸ்

“எழுதிட்டா போதுமா? தொவச்சா நிக்குமா?” என்று கேட்டாள், கோட்டைக்குத் துணி வெளுக்கிறவள்.

டச்சுக்காரர் கோட்டையில் இருக்கும் உலாந்தா துரைசானியின் மகளுக்கு நான் லேஸில் கல்யாண முக்காடு பின்ன வேண்டும். திராட்சைக்கொடி ஒன்றை வரைந்து, பின்னலின் கண் எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் குப்பத்தில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். துரைசானியோ அந்தக் காகிதத்தை வெளுக்கிறவளிடம் காட்டி யோசனை கேட்டாள்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். அழுக்கெடுக்கும் உவர்மண்ணில் வெந்து வெளுத்த விரல்கள். ஈர லேஸைப் பாயில் விரித்து, ஓரமெல்லாம் கருவேல முள் குத்தி, இழுத்துக் காயவைப்பாள்.

“திராட்சைய நீ நேருல பாத்துருக்கியா?”

“புஸ்தகத்துல பாத்தேன்.”

“இந்தக் கொடி முள்ளு குத்துனா ஒரு பக்கமா கோணிக்கும், இழுத்தா பிஞ்சிடும். உங்க நைனா வலை பின்றாரே, அந்தக் கண்ணு எந்தப் பக்கம் இழுத்தாலும் விரிஞ்சி குடுக்கும். அதப் போடேன், எழுத்துக்காரி!”

துரைசானி உடனே தலையாட்டினாள். நான் காகிதத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன். வலையை விட்டு விலகத்தான் பள்ளிக்குப் போனேன். எழுத்தே தெரியாதவள், நான் எண்ணி எழுதியதை ஒரே பார்வையில் எப்படிப் படித்தாள்? இன்னும் விளங்கவில்லை.

நேற்று வலைக்கண்ணுக்குள் என் கொடியை ஓடவிட்டு ஒரு சாண் பின்னினேன். துவைத்தால் நிற்கிறதா என்று பார்க்க, யாருடையது என்று சொல்லாமல், அவளுடைய அழுக்குமூட்டையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.