குதிரைக்கு ஆயுத பூஜை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆயுத பூஜை அன்று, பினாங்குத் தீவின் பின்பக்கத்து ஊரான பாலிக் புலாவில் நடந்தது இது. கெலுகோரில் குடியிருக்கும் எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என் குதிரை அங்கே ஒரு லாயத்தில்தான் இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜக் குதிரைதான்.

பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது. நன்றாகப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் கொடுக்கிறோம் என்றார்கள் பந்தயத் திடல்காரர்கள். பழைய மோட்டார் சைக்கிள் விலைகூட இல்லை. சின்ன வயது ஆசை, வாங்கிவிட்டேன். வாங்குவது சுலபம், வைத்திருப்பதுதான் பாடு என்று அப்புறம்தான் தெரிந்தது. புல், தீவனம், மாதம் தவறினாலும் தவறாத லாடம், பூச்சி மருந்து, பல்லை ராவிவிட ஓர் ஆள். தொழிற்சாலையில் நான் பார்த்த ஓவர்டைம் எல்லாம் அதன் வாய்க்குள் போனது. புதுக் கார் கனவில் இருந்த என் வீட்டுக்காரர், "உன் மூத்த மகன் சாப்பிட்டானா?" என்று தினமும் கேட்பார்.

அன்று எல்லாரும் காருக்கு மாலை போட்டார்கள். என் வாகனத்துக்கு நான் போட வேண்டாமா? சொந்தக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு லாயத்துக்குப் போனேன். நெற்றியில் பொட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலை. அதோடு நின்றிருக்கலாம். ஆளுக்கு ஒரு கை சுண்டல் ஊட்டினோம். அது ஆசையாகத் தின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, மிச்சமிருந்த சர்க்கரைப் பொங்கலைப் பாத்திரத்தோடு நீட்டினேன்.

வெளிச் சாப்பாடு கொடுக்கவே கூடாது என்று லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். சாமிக்குப் படைத்தது என்ன செய்துவிடும் என்று நான் நினைத்தேன்.

சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் குதிரை முன்காலால் தரையைப் பிறாண்டியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. வேர்த்துக் கொட்டியது. படுத்துப் புரளப் போனதை அந்தப் பெண் ஓடி வந்து இழுத்து நிறுத்தி, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். நான் புல் மட்டும்தான் என்றேன். ஐம்பது வயதில் ஸ்கூல் பிள்ளை மாதிரிப் பொய். அவள் மாலையைப் பார்த்தாள், காலிப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"அக்கா, குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது போனதுதான். உண்மைய சொல்லுங்க லா, டாக்டர்கிட்ட நான் என்ன சொல்றது?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டாமல் உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டர் அக்கரையிலிருந்து கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வர வேண்டும். விடுமுறை நாள், பாலத்தில் நெரிசல். அதுவரை படுக்க விடாமல் நடத்திக்கொண்டே இருக்கச் சொன்னார். நல்ல வெயில். பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு, கயிற்றைப் பிடித்து நடந்தேன். என்னை மன்னித்துவிடுடா என்று அதன் காதோரம் சொல்லிக்கொண்டே நடந்தேன். டாக்டர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். சாணம் போட்டால் பிழைக்கும், இல்லையென்றால் நம் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

போனில் விஷயம் கேட்ட வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கிண்டல் செய்வார் என்று பயந்தேன். மனுஷன் சட்டைக் கையை மடித்துவிட்டார். "கொடு, நான் நடத்துறேன். நீ தண்ணி குடி."

பொழுது சாய்கிற நேரம். குதிரை நின்றது, வாலைத் தூக்கியது. பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டு நாலு பேரும் கைதட்டினோம். சாணத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவள் பினாங்கிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போதும் ஆயுத பூஜைக்குப் போகிறோம். மாலை லாயக் கதவுக்கு, சுண்டல் எங்களுக்கு. கார் இன்னும் வாங்கவில்லை. சனிக்கிழமை காலையில் லாயத்துக்கு முதலில் கிளம்புகிறவர் என் வீட்டுக்காரர்தான். நான் போனதும் மண்வெட்டியை எடுத்துச் சாணம் அள்ளுகிறேன், அது சூடாகக் கிடக்கிற ஒவ்வொரு நாளும் அந்த வாயில்லா ஜீவன் என்னை இன்னொரு முறை மன்னித்துவிட்டது என்றே நினைத்துக்கொள்கிறேன்.