மைதானத்தில் லெமுவல் அத்தான்

என் அக்கா வெர்லினைப் பற்றி ரம் கடையில் ஒருவன் அசிங்கமாகப் பேசினான். அவள் புருஷன் லெமுவல் விட்ட ஒரே குத்தில் அவன் தாடை பெயர்ந்துவிட்டது. கொத்தனார் கை அல்லவா? அத்தானுக்கு ஒன்றரை வருஷம் ஜெயில்.

அக்கா ஜெயில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்காக அடிச்சாராம்! நான் கேட்டேனா? இப்ப வீட்டுக்கு யாரு சம்பாதிக்கிறது?" என்று என்னிடம்தான் கத்தினாள்.

எங்கள் ஆன்டிகுவாத் தீவின் தலைநகர் செயின்ட் ஜான்ஸில் ஜெயிலும் கிரிக்கெட் மைதானமும் அக்கம்பக்கம். இங்கே டெஸ்ட் மேட்ச் என்றால் புல் வெட்டுவது, தண்ணீர் தெளிப்பது, பிட்சில் ரோலர் உருட்டுவது எல்லாம் கைதிகள்தான். அந்த பிட்சில் எங்கள் ஆட்கள் ரன் குவிப்பதை உலகமே பேசும். அத்தானுக்கு ரோலர் இழுக்கும் வேலை. ஜனம் வருவதற்குள் கைதிகளை உள்ளே கூட்டிப் போய்விடுவார்கள் என்பதில் அவருக்கு நிம்மதி.

அந்த வருஷ டெஸ்டில் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் மழை கொட்டித் தீர்த்தது. வெயில் வந்ததும் தண்ணீரை ஒற்றியெடுக்கக் கைதிகளை வெளியே கொண்டுவந்தார்கள். ஸ்டாண்டு நிறையக் கூட்டம். அக்காவும் அங்கேதான் கூடையில் டுக்கானா என்ற சர்க்கரைவள்ளிக் கொழுக்கட்டையும் உப்பு மீனும் விற்றுக்கொண்டிருந்தாள்.

"ஏ லெமுவல்! அரசாங்க வீட்டுல சாப்பாடெல்லாம் எப்படி?" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. அத்தான் நிமிரவே இல்லை. முழங்காலில் உட்கார்ந்து ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அக்கா கூடையைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். "எவன்டா அவன்? பல்லைக் காட்டுறவன் எறங்கி வந்து தண்ணிய எடுடா! அந்த மனுஷன் பிழியலேன்னா உனக்கு ஏதுடா மேட்ச்?"

இப்போது கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது. பிறகு அத்தான் ஒவ்வொரு தடவை ஸ்பாஞ்சைப் பிழியும்போதும் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

அடுத்த ஞாயிறு அக்கா ஜெயிலுக்குப் போனாள்.

"கைதட்டுனது எனக்குப் பிடிக்கல, வெர்லின்."

"எனக்கு மட்டும் பிடிச்சுதா? சிரிப்புக்கு அது தேவலை."

அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூட அவள் தவறவில்லை.

விடுதலையானதும் அத்தான் மைதானத்தில் வேலை கேட்டுப் போனார். அங்கிருந்த மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தான். "கைதிங்க சும்மா செய்யற வேலைக்கு எவன்பா சம்பளம் குடுப்பான்? வேணும்னா இன்னொருத்தன் தாடையைப் பேத்துட்டு வா." வீட்டில் இதைச் சொல்லி அத்தானும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் பழையபடி கொத்து வேலைக்கே போனார்.

வருஷங்கள் ஓடின. ஊருக்கு வெளியே பெரிய புது மைதானம் கட்டினார்கள்; பழையதைக் கவனிப்பாரில்லை. ஆனால் இங்கிலாந்து அணி டெஸ்ட் ஆட வந்தபோது புது மைதானத்து மணலில் பந்து வீசுகிறவர்களின் கால் புதைந்தது. சில பந்துகளோடு ஆட்டம் நின்றது. மேட்சைப் பழைய மைதானத்துக்கே மாற்றிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய அவசரமாக ஆள் தேடினார்கள்.

"முட்டி வலிய வச்சுக்கிட்டு எங்க கெளம்பிட்ட?" என்றாள் அக்கா.

"சும்மா பாத்துட்டு வரேன்."

"பாக்கறதுக்கு எதுக்குப் பழைய சட்டை?"

அவருக்குக் கிடைத்தது ஸ்டாண்டின் உடைந்த படிகளைப் பூசும் வேலை. கூலி உண்டு. வேலை முடிந்ததும் பிட்ச் பக்கம் போய், "ஒரு நடை நானும் உருட்டட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பையன்கள் விட்டார்கள். "யாரும் சொல்லாம இழுத்தா ரோலர் கனமாத்தான்டா இருக்கு" என்றார் என்னிடம், வீட்டுக்கு வந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

மேட்சின் கடைசி நாள் அக்காவும் அத்தானும் அவர் பூசிய படியிலேயே உட்கார்ந்தார்கள். அன்று காலையில்தான் மறுபடி பூசிய ஓர் ஓரம் இன்னும் காயவில்லை; அக்காவின் நல்ல பாவாடையில் சிமெண்ட் ஒட்டிவிட்டது. எங்கள் அணி கடைசி விக்கெட்டை விடாமல் தோல்வியிலிருந்து தப்பிக்கும்வரை அவள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அத்தான் டுக்கானாவைப் பிட்டு அவளுக்குக் கொடுத்துக்கொண்டே ஆட்டம் பார்த்தார்.