கம்பளைக்குக் கீழே இருந்தவர்கள்

ஷாமலாவை நினைத்தால் எனக்கு முதலில் அவளுடைய முதுகுதான் நினைவுக்கு வருகிறது. கண்டி கொட்டுகொடல்ல வீதியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுக்காரர்களுக்கு வேனும் தங்குமிடமும் ஒழுங்கு செய்துகொடுக்கிற இடம். நான் அங்கே கூட்டித் துடைத்து, பால் இல்லாத பிளேன்டீ ஊற்றுகிறவள். தேத்தண்ணி அறை வாசலில் என் ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்தால் ஷாமலாவின் முதுகும், அவள் தோளுக்கு மேலே கம்ப்யூட்டர் திரையும் தெரியும். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள் நான். ஆட்களோடு பேச எனக்கு வராது. பார்க்க வரும். வருஷக்கணக்காக அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஷாமலா கம்பளைக்காரி. அவளுடைய அப்பா பேட்ரிக், கம்பளை ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தேவாலய மண்டபத்தில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் படித்துவிட்டு, மெலிந்த ஒரு பெட்டையாக இந்தப் படியேறி வந்தாள். காலையில் கம்பளை பஸ்ஸில் வருவாள், இருட்டும்போது போவாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்குமுன் சிலுவை போட்டுக்கொள்வாள். பெட்டிக்குள் என்ன இருந்தாலும் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளுவாள்.

ஆபீசுக்கு ஒரு இணையத்தளம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. ஒவ்வொரு லொட்ஜுக்கும், ஒவ்வொரு டிரைவருக்கும் அதில் ஒரு பக்கம். அந்தப் பக்கங்களின் பெயர்கள் திரையில் மேலிருந்து கீழாக நிற்கும். சில பெயர்கள் இடது ஓரத்தை ஒட்டி நிற்கும். சில, ஒன்றுக்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். ஓரத்துப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி. அதை அமுக்கினால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் மறைந்துவிடுவார்கள், மறுபடி அமுக்கினால் வெளியே வருவார்கள். மவுஸால் ஒரு பெயரைப் பிடித்து இழுத்து, இன்னொன்றின் கீழே விடலாம். பார்க்க அலுமாரிக்குள் உடுப்பு மடித்து அடுக்குவதுபோல இருக்கும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டால் ஷாமலா அம்புக்குறிகளை எல்லாம் அமுக்கி மூடிவிடுவாள். அதற்குக் காரணம் சேதுராமன். கம்பளையில் ஆற்றோரம் லொட்ஜ் நடத்துகிறவர். ஒருநாள் அவள் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? நான் அஸ்ஃபருக்குக் கீழயா இருக்கேன்?"

"கீழ இல்லைங்க அங்கிள். அவரு லொட்ஜு பெருசு. அந்தப் பக்கத்துக்குள்ள நீங்க இருக்கீங்க."

"அவனுக்குள்ள நான் எதுக்கு இருக்கணும்? அவன் லொட்ஜைத் திறந்து வச்சு ரிப்பன் வெட்டுனதே நான்தான்!"

எங்கள் முதலாளி ஹுஸைன் ஹாஜியார் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "சேதுவ இந்த ஓரத்துக்கு எடுத்துப் போடுங்கோ புள்ள. மனுஷன் கோபிக்கிறாரு."

ஓரத்துக்கு எடுத்துப் போட்டாள். அந்தச் செய்தி கலகெதர வரைக்கும் போனது. ஒவ்வொரு லொட்ஜ்காரரும் போன் எடுத்து ஓரம் கேட்டார். கடைசியில் எல்லாரும் ஓரத்தில் நின்றார்கள். இணையத்தளத்தின் முகப்பில் எல்லாருடைய பெயரும் வரிவரியாக இறங்கி, பின்னால் இருந்த கண்டி வாவியின் படத்தையே மூடிவிட்டது.

ஹாஜியாருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தப் பக்கத்தையும் அழிக்க விடமாட்டார். பூட்டிப்போன லொட்ஜ், இறந்துபோன டிரைவர், எல்லாம் அங்கேயே இருக்கவேண்டும். "அழிக்க வேணாம் புள்ள. அந்த மனுஷன்ட பிள்ளைகள் எப்பசரி தேடிப் பார்ப்பாங்க," என்பார். நல்ல மனிதர். பெருநாளைக்கு எனக்கும் ஷாமலாவுக்கும் ஒரே மாதிரி துணி எடுத்துத் தருவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

போன வருஷம் ஷாமலாவுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. தேத்தண்ணி அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"அங்க இதே வேலை செய்றவங்க ஒரு மேசை நெறைய இருக்காங்கக்கா. நான் ஒண்ணு சொன்னா விளங்கும். இங்க நான் யாருகிட்ட பேசுறது?"

"என்கிட்ட பேசுறியே."

"நீங்க பதில் சொல்ல மாட்டீங்களே!" என்று சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம்.

ஹாஜியார் மறுப்புச் சொல்லவில்லை. "சந்தோஷமாப் போங்கோ புள்ள. போறதுக்கு முந்தி, இதை எனக்கு விளங்குற மாதிரி ஒழுங்கு பண்ணித் தந்திட்டுப் போங்கோ. அது போதும்."

அன்றிலிருந்து பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவர் ஷாமலாவின் பக்கத்தில் வந்து உட்காரத் தொடங்கினார். அவருக்கு முழங்கால் வருத்தம். சுழல்கிற கதிரையில் உட்காரமாட்டார். அவருடைய அறையிலிருந்து மரக்கதிரையை நான்தான் தூக்கி வந்து வைப்பேன். அவள் ஒரு பெயரைப் பிடித்து இழுப்பாள். "கொஞ்சம் பொறுங்கோ," என்பார். அந்தப் பெயருக்குரிய ஆளின் கதை வரும். அழகையா என்கிற டிரைவர் வெள்ளத்தில் வேனை எப்படிக் கொண்டுவந்தார் என்று ஒரு பின்னேரம் முழுக்க ஹாஜியார் சொன்னார். கதை முடிந்ததும் ஷாமலா கேட்பாள்: "அப்ப இவரை எங்க போடுறது ஹாஜியார்?" "நாளைக்கிப் பார்ப்பம்." மறுநாள் முதல்நாள் போட்டதும் மாறும். வேலையில் சேரக் கொழும்பில் ஒருமுறை தவணை கேட்டாள், தந்தார்கள். அவளுடைய முதுகு கூனத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது.

பிறகு ஒருநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒருவருக்குக் கீழே இன்னொருவரை வைக்கவில்லை. ஊர்ப் பெயர்களுக்குப் புதுப் பக்கங்கள் போட்டாள்: கண்டி, கம்பளை, கலகெதர, ஹுன்னஸ்கிரிய. அந்தப் பக்கங்களுக்குள் ஒரு எழுத்தும் இல்லை. பெயர் மட்டும்தான். சேதுராமனையும் அஸ்ஃபரையும் பக்கத்தில் பக்கத்தில் கம்பளைக்குக் கீழே வைத்தாள். ஊருக்குக் கீழே இருக்க யாருக்கும் வெட்கமில்லை. சேதுராமனே வந்து பார்த்து, "இது சரி," என்றார். வாவி மறுபடி தெரிந்தது.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஷாமலா கொழும்புக்குப் புறப்பட்டாள். நான் பஸ் நிலையம் வரைக்கும் போய் அவளுடைய பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

பஸ் கடுகண்ணாவை இறக்கத்தில் போகும்போது அவளுக்குப் போன் வந்தது. பேசியவன் இல்ஹாம், ஹாஜியாரின் தங்கை மகன். வேன்களைப் பார்த்துக்கொள்கிறவன். இனி இணையத்தளத்தையும் அவன்தான் பார்க்கவேண்டும். கதிரையில் உட்கார்ந்த கையோடு, கம்பளை என்ற பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறான். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பக்கம் எதற்கென்று குப்பைக்குள் போட்டுவிட்டான்.

"மாமா ஆட்களை அழிக்காதன்னுதான் சொன்னாரு. இது ஆள் இல்லையே, ஊருதானே!" என்று அவன் போனில் கத்தியது, ஆபீசுக்குத் திரும்பி வந்திருந்த எனக்கும் கேட்டது.

கம்பளைக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் சிதறி மறுபடி ஓரத்துக்கு வந்து நின்றார்கள். அவர்களுடைய இணைய முகவரிகளும் மாறிவிட்டன. லொட்ஜ்களில் அச்சடித்து வைத்திருந்த கார்டுகளைப் பார்த்துப் போனவர்களுக்குப் பக்கம் திறக்கவில்லை. சேதுராமன் போனை வைக்கவே இல்லை.

ஷாமலா மாவனெல்லையில் இறங்கி, எதிர்ப்பக்கத்து பஸ் ஏறித் திரும்பி வந்தாள். "இண்டைக்கு மட்டும்தான் புள்ள," என்றார் ஹாஜியார். குப்பையிலிருந்து கம்பளையை ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். வந்தது வெறும் பெயர்தான், பிரிந்துபோனவர்கள் அதோடு சேர்ந்து வரவில்லை. ஒவ்வொருவராக இழுத்து உள்ளே விட்டு, முகவரியைச் சரிபார்க்க வேண்டும். எல்லாரும் வரிசையாக ஓரத்தில் நிற்பதைக் கண்டதும் ஹாஜியாருக்குப் பழைய யோசனை எல்லாம் திரும்பி வந்தது. மரக்கதிரை கேட்டார். நான் தூக்கி வந்தேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது.

கொழும்பில் திங்கட்கிழமை காலை வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு ஆள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. பெயர்கள் ஒன்றொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. தனியாகச் செய்தால் பின்னேரத்துக்குள் முடிந்துவிடும். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் முடியாது. எனக்கு அது தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. ஹாஜியார் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், மரக்கதிரையைத் தேத்தண்ணி அறைக்குள் கொண்டுபோய், கழுவிய கோப்பைகளை அதன்மேல் கவிழ்த்து வைத்தேன். என் வாழ்க்கையில் யாருக்கும் எதிராக நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஹாஜியார் படியேறி வந்தார். ஷாமலாவின் பக்கத்தில் நின்றார். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"கதிரையக் காணல்லியே?"

நான் ஸ்டூலில் குனிந்தபடி இருந்தேன். ஷாமலா இன்னும் இரண்டு பெயர்களை உள்ளே விட்டாள். சேதுராமனும் அஸ்ஃபரும்தான் மிச்சம்போலத் தெரிந்தது. அவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். "பரவால்ல, நீங்க செய்ங்கோ," என்றார். குரலில் வலி இருந்தது.

ஷாமலா மவுஸை விட்டாள். எழுந்து தேத்தண்ணி அறைக்குள் வந்தாள். கதிரைமேல் இருந்த கோப்பைகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். ஈரத்தைத் தன் சால்வையால் துடைத்தாள்.

"பாவம்க்கா, நிக்க ஏலாது அவருக்கு," என்றாள்.

கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பின்னால் வைத்தாள். அவர் மெல்ல உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டார். திரையில் விரலை வைத்தார்.

"இந்தச் சேது ஈக்கிறாரே புள்ள, இவரும் அஸ்ஃபரும் ஒரு காலத்துல..."

ஷாமலா கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். நான் எழுந்து பிளேன்டீக்குத் தண்ணீர் வைத்தேன்.