குறுக்கே எழுதிய வரிகள்

லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் கடிதப் பெட்டிகளைக் கொண்டுவந்து தருபவர் அவர். ஒல்லியான யாழ்ப்பாணத்து மனிதர். எந்தப் பெட்டியையும் மேசை ஓரத்துக்கு நேராகத் திருத்தி வைத்த பிறகுதான் நகர்வார்.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தை வைத்து நான் ஒரு காதல் நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்காக ஒரு மணப்பெண் தன் தமக்கைக்கு எழுதிய கடிதத்தைப் பிரதியெடுத்தேன். நடனம், புதுச் சட்டை, மாப்பிள்ளையின் குதிரைவண்டி என்று ஒரே குதூகலம். அந்தக் காலத்தில் தபால் செலவைக் குறைக்க, எழுதி முடித்த பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அதே வரிகளின் மேல் குறுக்காகவும் எழுதுவார்கள். கண் வலிக்கும் என்று அந்தக் குறுக்கு வரிகளை விட்டுவிட்டேன்.

அவர் தாளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார்.

“அக்கா, இதையும் வாசியுங்கோ. இடம் முடிஞ்ச பிறகு எழுதினதிலதான் விசயம் இருக்கும். அம்மா ஊரிலயிருந்து போட்ட ஏரோகிராம் கடிதமும் அப்பிடித்தான். கடைசியா வந்ததில தாளின்ர ஓரக் கரையில எழுதினதை, ஷிப்டுக்கு ஓடுற அவசரத்தில நான் வாசிக்கேல்லை. ஒரு மாதம் கழிச்சுத்தான் பாத்தனான்.”

“ஓம், ஓம்” என்றபடி குனிந்துவிட்டேன். அறையை மூட அரை மணி நேரமே இருந்தது. குறுக்கு வரிகளில் அந்தப் பெண், தன்னை வந்து கூட்டிக்கொண்டு போகும்படி தமக்கையிடம் கெஞ்சியிருந்தாள்.

நாவலின் பின்பாதியை மாற்றி எழுதினேன். புத்தகத்தை அவருக்குக் கொடுக்கப் போனபோது அவர் அங்கே வேலையில் இல்லை.

அவருடைய அம்மா கரையில் என்ன எழுதியிருந்தார்? அன்றைக்குக் கேட்டிருக்கலாம். நான் குனிந்த பிறகும், நேராகவே இருந்த பெட்டியை அவர் இன்னொரு முறை திருத்தி வைத்துக்கொண்டு நின்றார்.